ஈரநிலம் காக்கும் அறக்கட்டளை: யார் நடத்துகிறார்கள், அதன் ஆண்டறிக்கையை எப்படிப் படிப்பது?

லண்டனில் பார்ன்ஸ் என்ற இடத்தில், தேம்ஸ் ஆறு வளைந்து போகும் மடியில், ஒரு ஈரநிலப் பூங்கா இருக்கிறது. முதல் தடவை அங்கே போனபோது டிக்கெட் கவுன்டரில் இருந்த பெண் கேட்டார்: "நீங்கள் இங்கே வரி கட்டுகிறவரா? கிஃப்ட் எய்டில் போட்டுவிடலாமா?" பின்னால் வரிசை நின்றது. ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டேன். அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பிரிட்டனில் வருமான வரி கட்டுகிற ஒருவர் அறக்கட்டளைக்கு 1 பவுண்டு கொடுத்து, கிஃப்ட் எய்டுக்குச் சம்மதித்தால், அரசாங்கம் அதன்மேல் 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும். டிக்கெட் விலைக்கு மேல் பத்து சதவீதம் நன்கொடையாகச் சேர்த்துக் கொடுத்தால் டிக்கெட்டுக்கும் இந்தச் சலுகை உண்டு. வாத்து பார்க்கப் போன நான், அரசாங்கப் பணத்திலும் கொஞ்சத்தை அந்தக் குளத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

சரி, விட்ட பணம் என்ன ஆயிற்று? அதற்கு யார் பொறுப்பு? வருடா வருடம் "முன்னேற்றம்" என்று எழுதுகிறார்களே, சேற்றிலும் தண்ணீரிலும் முன்னேற்றத்தை எப்படி அளக்கிறார்கள்? அந்தப் பூங்காவை நடத்தும் வைல்ட்ஃபௌல் அண்ட் வெட்லேண்ட்ஸ் டிரஸ்டையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம். பெயர் நீளம் என்பதால் இனி வெறும் டிரஸ்ட்.

ஈரநிலம் என்றவுடன் நம் கண்ணில் நிற்பது சதுப்பு. ஆனால் 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை வலையை இன்னும் அகலமாக வீசுகிறது. ஏரி, ஆறு, கழிமுகம், அலையாத்திக் காடு, நெல்வயல், கடல் வற்றும்போது ஆறு மீட்டருக்கு மேல் ஆழம் போகாத கரையோரக் கடல் எல்லாமே அதில் அடக்கம். அந்த உடன்படிக்கையை உருவாக்க உழைத்தவர்களில் ஒருவரான ஜெஃப்ரி மேத்யூஸ் இதே டிரஸ்டின் ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர். வாத்துக் கூட்டம் என்று லேசாக எடுத்துக்கொள்ள முடியாத இடம்.

டிரஸ்டைத் தொடங்கியவர் பீட்டர் ஸ்காட். தென்துருவம் போய்த் திரும்பும் வழியில் 1912இல் பனியில் இறந்துபோனாரே ராபர்ட் ஸ்காட், அவருடைய மகன். முடிந்தால் பையனுக்கு இயற்கையில் ஆர்வம் வரச் செய் என்று அப்பா கடைசிக் கடிதத்தில் மனைவிக்கு எழுதியிருந்தார். பையன் முதலில் பிடித்தது துப்பாக்கியைத்தான். வாத்து வேட்டையில் கெட்டிக்காரர். பிறகு மனம் மாறி, 1946இல் செவர்ன் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிய ஸ்லிம்பிரிட்ஜ் கிராமத்தில் பறவைகளைக் காக்க ஓர் அமைப்பைத் தொடங்கினார். இன்று பிரிட்டன் முழுக்க அதற்குப் பத்து இடங்கள்.

உட்காரும் நாற்காலியும் ஓடும் கால்களும்

இப்படி ஓர் அமைப்புக்கு முதலாளி கிடையாது. லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்ளப் பங்குதாரர்களும் கிடையாது. கம்பெனியாகப் பதிவு செய்திருந்தாலும் அதன் உறுப்பினர்கள் பங்கு வாங்குவதில்லை. கம்பெனி நொடித்தால் ஒரு சின்னத் தொகை, பெரும்பாலும் 1 பவுண்டோ 10 பவுண்டோ, தருகிறோம் என்று வாக்கு மட்டும் கொடுத்திருப்பார்கள். அப்படியானால் முடிவெடுப்பது யார்? அறங்காவலர்கள். நம் ஊர்க் கோயில்களால் நமக்குப் பழகிய சொல்தான்.

அறங்காவலர் வேலைக்குப் பொதுவாகச் சம்பளம் கிடையாது. பயணச் செலவு வாங்கிக்கொள்ளலாம், அதையும் கணக்கில் காட்ட வேண்டும். மதகைத் திறப்பது, நாணல் வெட்டுவது, பள்ளிப் பிள்ளைகளுக்குக் குளத்துப் பூச்சியைக் காட்டுவது, இதெல்லாம் சம்பளம் வாங்கும் ஊழியர்களும் தன்னார்வலர்களும் செய்வது. அவர்களுக்கு மேலே தலைமை நிர்வாகி. அந்த நிர்வாகியை நியமித்துக் கேள்வி கேட்பது அறங்காவலர்கள். கேள்விகள் மிகச் சாதாரணமானவை. இந்த வேலை நம் நோக்கத்துக்குள் வருகிறதா? கையில் காசு இருக்கிறதா? எதிர்பார்த்தபடி நடக்காவிட்டால் என்ன செய்வோம்? கேள்வி எளிது, கேட்பவர்தான் அரிது. எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தில் ஐந்து வருடக் கணக்கும் பொருளாளர் வீட்டு மஞ்சள் பையில் ரசீதுகளாகவே கிடந்தது. யாரும் திருடவில்லை. கேட்டால் அவர் மனம் நோகுமே என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் நம் முன்னோர்களுக்குக் கூச்சமே இருக்கவில்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. குடவோலையில் ஆள் எடுத்து அமைக்கும் வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம், ஆறு பேர். பதவி 360 நாள். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது, எந்தெந்த உறவு என்று பட்டியலே இருக்கிறது. பிரிட்டனில் அறக்கட்டளைகளுக்கென்று வகுத்த நிர்வாக நெறியைப் படித்தபோது எனக்கு அந்தக் கல்வெட்டுதான் நினைவுக்கு வந்தது. ஓர் அறங்காவலர் ஒன்பது ஆண்டுக்கு மேல் தொடர்ந்தால் ஏன் என்று ஆண்டறிக்கையில் காரணம் சொல்லச் சொன்னது அந்த நெறி. காரணம் சொன்னால் போதும் என்பதால் கல்வெட்டுதான் கண்டிப்பு அதிகம்.

உறவினர் விஷயமும் உண்டு. அறங்காவலர் ஒருவரின் மைத்துனர் பொக்லைன் வைத்திருக்கிறார், அவருக்கே கால்வாய் வெட்டும் ஒப்பந்தம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அது தானாகவே குற்றமாகிவிடாது. ஆனால் அந்த அறங்காவலர் முன்கூட்டியே சொல்லிவிட்டு, முடிவெடுக்கும்போது எழுந்து வெளியே போக வேண்டும். அந்த வரவு செலவு ஆண்டறிக்கையின் பின்பகுதியில், 'தொடர்புடையவர்களுடன் நடந்த பரிவர்த்தனை' என்ற தலைப்பில் வர வேண்டும். பத்து வரிகூட இருக்காது. நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

இன்னொன்று பலரைக் குழப்பும். பூங்காவில் டீக்கடை இருக்கிறது, பொம்மைக் கடை இருக்கிறது, வெளி நிறுவனங்களுக்கு ஈரநில ஆலோசனை சொல்லும் பிரிவும் இருக்கிறது. அறக்கட்டளை வியாபாரம் செய்யலாமா? தன் நோக்கத்தோடு ஒட்டாத வியாபாரத்தை நேரடியாகச் செய்யக் கட்டுப்பாடு உண்டு. அதனால் துணைக் கம்பெனி ஒன்றை வைத்துக்கொண்டு, அதன் லாபத்தை அறக்கட்டளைக்குத் திருப்புவது இங்கே வழக்கம். நீங்கள் வாங்கும் கேக் துண்டின் லாபம் நாணல் வெட்டப் போகிறது என்பது வெறும் விளம்பரம் இல்லை, கணக்கிலும் அப்படித்தான்.

இரண்டு அறிக்கைகள், எதைப் படிப்பது?

இங்கிலாந்து, வேல்ஸ் அறக்கட்டளைகளைக் கண்காணிப்பது சாரிட்டி கமிஷன் என்ற அரசு அமைப்பு. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனிக் கண்காணிப்பு உண்டு. கணக்கு ஆண்டு முடிந்து பத்து மாதத்துக்குள் கணக்கையும் அறிக்கையையும் கமிஷனிடம் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தாமதமானால் எத்தனை நாள் தாமதம் என்று சிவப்பில் காட்டும். பள்ளிக்கூட ரேங்க் கார்டுக்குப் பிறகு சிவப்பு எழுத்து என்னை இவ்வளவு உறுத்தியது இங்கேதான்.

பெரிய அறக்கட்டளைகள் பலவும் ஆண்டுக்கு இரண்டு புத்தகம் போடுகின்றன. ஒன்று வழவழவென்று, பக்கம் முழுக்கப் பறவைப் படம், சிரிக்கும் குழந்தை, பெரிய பெரிய எண். இன்னொன்று சாதாரண வெள்ளைத் தாள், 'அறங்காவலர் அறிக்கையும் நிதிநிலை அறிக்கையும்' என்று தூக்கம் வரவழைக்கும் தலைப்பு. முதலாவது சட்டத்துக்குத் தேவையில்லாதது. இரண்டாவதில் பொய் எழுதினால் வம்பு. தணிக்கையாளர் கையெழுத்து இருப்பதும் அதில்தான். நேரம் இருப்பது ஒன்றுக்குத்தான் என்றால் இரண்டாவதை எடுங்கள்.

அதில் பணம் இரண்டு மூன்று பத்தியாகப் பிரிந்து கிடக்கும். புதிதாகப் படிக்கிறவர்கள் தடுமாறுவது அங்கேதான், ஆனால் கோயில் தெரிந்தவருக்கு அது கஷ்டமே இல்லை. உண்டியலில் விழுந்த பணத்தை நிர்வாகம் எண்ணெய்க்கும் செலவழிக்கலாம், ஒழுகும் கூரைக்கும் செலவழிக்கலாம். ஆனால் ஒருவர் "வெள்ளிக்கிழமை அர்ச்சனைக்கு" என்று கட்டளை எழுதிக் கொடுத்தால் அந்தப் பணத்தை அர்ச்சனைக்கு மட்டும்தான் தொட முடியும். மூன்றாவதாக, நிலத்தை விற்காமல் அதன் வருமானத்தில் மட்டும் விளக்கேற்றச் சொல்லி எழுதி வைத்தவர்களும் உண்டு. ஆங்கிலேயர்கள் இந்த மூன்றுக்கும் மூன்று பெயர் வைத்துத் தனித்தனிப் பத்தியில் எழுதுகிறார்கள். அவ்வளவுதான்.

இது ஏன் முக்கியம்? ஓர் அறக்கட்டளையிடம் கோடிக்கணக்கில் பணம் இருப்பதாகத் தலைப்புச் செய்தி வரும், அதே வாரம் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்புவார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். இருக்கும் பணமெல்லாம் கட்டளைப் பணம், உண்டியல் காலி. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பிரிட்டனில் எல்லாக் கதவும் மூடியபோது, பார்வையாளர் டிக்கெட்டை நம்பியிருந்த அமைப்புகள் அத்தனைக்கும் இந்தச் சோதனை வந்தது. பூட்டு போட்டதற்காக அடைபட்ட பறவை தீனி கேட்காமல் இருக்குமா? பம்ப் மின்சாரம் கேட்காமல் இருக்குமா? அதற்காகத்தான் கையிருப்பு என்று ஒரு தொகையை வைத்துக்கொண்டு, எவ்வளவு வைத்திருக்கிறோம், ஏன் அவ்வளவு என்று அறிக்கையில் விளக்குகிறார்கள். கையிருப்பு அதிகமாக இருந்தால் கொடுத்தவர் கோபிப்பார், குறைவாக இருந்தால் அமைப்பு மூழ்கிப்போகும்.

சம்பளமும் தெரியும். ஆண்டுக்கு 60,000 பவுண்டுக்கு மேல் வாங்கும் ஊழியர்கள் எத்தனை பேர் என்று 10,000, 10,000 பவுண்டு அடுக்குகளாகக் காட்ட வேண்டும். நிர்வாகச் செலவு குறைவாக இருந்தால் நல்ல அமைப்பு என்று ஒரு நம்பிக்கை பரவலாக உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. குளிர்காலம் முழுக்கக் கையில் தொலைநோக்கியோடு உட்கார்ந்து எண்ணுகிறவருக்கும், எண்ணியதைச் சரிபார்க்கிறவருக்கும் யாராவது சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

எண்ணிக்கை கூடினால் வெற்றியா?

இனி முன்னேற்றம். பள்ளிக்கூடம் நடத்தினால் தேர்ச்சி சதவீதம் சொல்லலாம். ஈரநிலம் அப்படி ஒத்துழைக்காது.

ஸ்லிம்பிரிட்ஜின் புகழ்பெற்ற விருந்தாளி பீவிக் அன்னம். ரஷ்யாவின் வடதுருவத்துச் சமவெளியில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குப் பிரிட்டன் வரை பறந்து வரும். அதன் அலகில் கறுப்பும் மஞ்சளும் கலந்திருக்கும், அந்தக் கலவை ஒவ்வொரு பறவைக்கும் ஒரு மாதிரி, கைரேகைபோல. 1964இல் தன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே இருந்த குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்காட் இதைக் கவனித்தார். ஓவியர் அல்லவா, ஒவ்வொன்றின் முகத்தையும் வரைந்து பெயர் வைக்கத் தொடங்கினார். போன வருடம் வந்த தம்பதி இந்த வருடமும் வந்ததா, கூடவே எத்தனை குஞ்சு என்று குடும்ப வரலாறே சேர்ந்துவிட்டது. ஒரே பறவை இனத்தைப் பற்றி இவ்வளவு நீண்ட, நெருக்கமான பதிவு உலகில் மிகச் சிலவே.

அந்த அன்னங்கள் இப்போது குறைந்து வருகின்றன. வடமேற்கு ஐரோப்பாவுக்கு வருபவை 1995இல் சுமார் 29,000. 2010இல் சுமார் 18,000. டிரஸ்டின் வேலை தோற்றுவிட்டது என்று எழுதலாமா? கொஞ்சம் பொறுங்கள். வரும் வழியில் எல்லா நாட்டிலும் சட்டம் பாதுகாத்தாலும் சுடுகிறவர்கள் சுடுகிறார்கள். பிடித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், உயிரோடிருக்கும் பறவையின் உடம்புக்குள்ளேயே ஈயக் குண்டுகள் தெரிகின்றன. மின்கம்பிகளில் மோதிச் சாகின்றன. இவை நிஜமான இழப்பு. ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. குளிர் குறைந்துவிட்டதால் பல அன்னங்கள் பிரிட்டன் வரை வராமல் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலுமே தங்கிவிடுகின்றன. ஆக, ஸ்லிம்பிரிட்ஜ் குளத்தில் எண்ணிக்கை விழுந்தால் அதில் எவ்வளவு சாவு, எவ்வளவு இடமாற்றம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் எண்ணினால் முடியாது, வழி நெடுக ஒரே நாளில் எண்ண வேண்டும். "இந்த ஆண்டு அன்னங்கள் குறைவு" என்று மட்டும் எழுதும் அறிக்கை உண்மையைச் சொல்கிறது, ஆனால் ஒன்றையும் விளக்கவில்லை.

எதிர்ப்பக்கத்துக் கதையும் உண்டு. ஹவாய்த் தீவுகளின் நேநே என்ற பெருவாத்து 1950 வாக்கில் காட்டில் முப்பதைச் சொச்சம்தான் மிஞ்சியது. அங்கிருந்து ஒரு ஜோடியை ஸ்லிம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார்கள். ஆண் ஒன்று, பெண் ஒன்று என்றுதான் நினைத்திருந்தார்கள். இரண்டும் முட்டையிட்டன! அவசரமாகத் தந்தி அடித்து ஆண் வாத்து ஒன்றை வரவழைத்து, அதற்கு ஹவாய் அரசன் கமேஹமேஹாவின் பெயரையும் வைத்தார்கள். வம்சம் பெருகியது. 1962இல் ஸ்லிம்பிரிட்ஜில் பிறந்தவை திரும்பிப் போயின. மௌய் தீவின் எரிமலைப் பள்ளத்துக்குள் வாத்துப் பெட்டிகளைச் சாரணச் சிறுவர்கள் முதுகில் சுமந்து நடந்தார்கள்.

எந்த ஆண்டறிக்கைக்கும் இதைவிட நல்ல படம் கிடைக்காது. ஆனால் விட்ட எண்ணிக்கை வேறு, நிலைத்த எண்ணிக்கை வேறு. பிற்பாடு ஹவாயில் வளர்த்தவையும் சேர்த்து ஆயிரக்கணக்கில் காட்டில் விட்டும், பல இடங்களில் கூட்டம் தன் காலில் நிற்கவில்லை. அந்தத் தீவுகளில் மனிதன் கொண்டுவந்துவிட்ட கீரி முட்டையையும் குஞ்சையும் தின்றது. உயரமான எரிமலைச் சரிவுகளில் குஞ்சுக்குத் தீனி போதவில்லை. கீரி பரவாத கௌவாய் தீவில்தான் நேநே தழைத்தது. 2019இல் அமெரிக்க அரசு அதை 'அழியும் நிலை' பட்டியலிலிருந்து ஆபத்து ஒரு படி குறைந்த பட்டியலுக்கு மாற்றியது. முதல் ஜோடி வந்து ஏறக்குறைய எழுபது ஆண்டு. நடுவில் எத்தனை ஆண்டறிக்கை வந்திருக்கும், எத்தனை "விடுவித்தோம்" என்ற எண் வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவற்றில் பயனுள்ள வரி கீரியைப் பற்றியதாகத்தான் இருந்திருக்கும்.

மூன்றாவது உதாரணம் சாமர்செட் கடற்கரையில் உள்ள ஸ்டீர்ட். அங்கே கடலைத் தடுக்கக் கட்டிய பழைய கரையை 2014 செப்டம்பரில் வேண்டுமென்றே வெட்டித் திறந்தார்கள். உள்ளே, ஊருக்குப் பக்கத்தில், புதுக் கரை கட்டிவிட்டுத்தான். கடல் மட்டம் ஏறும்போது ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் சுவர் என்று நடுவில் உவர்ச் சதுப்பு நசுங்கிப் போகிறது. அதற்கு ஈடாகக் கடலுக்கு நிலம் விட்டுக்கொடுத்த திட்டம் இது. மொத்தம் 500 ஹெக்டேருக்குக் கொஞ்சம் குறைவு. திட்டம் அரசின் சுற்றுச்சூழல் முகமையுடையது, பார்த்துக்கொள்வது டிரஸ்ட். அறிக்கையில் "எங்கள் இடம்" என்று வந்தால் அது சொந்தமா, குத்தகையா, பராமரிப்பு மட்டுமா என்று பாருங்கள். பொறுப்பு எங்கே முடிகிறது என்பது அதில்தான் இருக்கிறது.

செவர்ன் கழிமுகத்தின் அலை உலகிலேயே மிக உயரமாக ஏறி இறங்குபவற்றில் ஒன்று. ஒவ்வொரு ஏற்றமும் வண்டல் கொண்டுவந்து கொட்டியது. முதல் நான்கு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 19 டன் கார்பன் அந்த மண்ணில் சேர்ந்ததாக ஆய்வாளர்கள் அளந்தார்கள். பிரமாதமான எண். ஆனால் புது வீட்டுக்கு முதல் வருடம் வாங்கிய சாமான் கணக்கை வைத்து ஆயுள் செலவைச் சொல்ல முடியுமா? மண் மேடாக மேடாக அலை உள்ளே வருவது குறையும், வண்டலும் குறையும். முதல் நான்கு ஆண்டு எண்ணை ஐம்பதால் பெருக்கி எந்த அமைப்பாவது விளம்பரம் செய்தால், நன்கொடைப் படிவத்தைக் கொஞ்ச நாள் மேசையிலேயே வைத்திருங்கள்.

கடைசியாக, நிதிநிலை அறிக்கையின் சொத்துப் பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள். பிரிட்டனில் பல அறக்கட்டளைகளின் கணக்கு ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது. அன்றைய தேதிக்குக் கட்டடம் இவ்வளவு, வண்டி இவ்வளவு, வங்கியில் இவ்வளவு என்று வரிசையாக இருக்கும். எப்போதோ வாங்கிய சதுப்பு நிலம் பெரும்பாலும் அன்று கொடுத்த விலையிலேயே நிற்கும். அன்னங்கள் எந்தப் பத்தியிலும் இருக்காது. மார்ச் 31ஆம் தேதி அவை அனேகமாகக் குளத்திலும் இருக்காது, ரஷ்யாவுக்குக் கிளம்பிப் போயிருக்கும்.